நிறுத்தியவர் திரும்பி வராவிட்டால்

காற்று மோட்டார் நின்றால் பச்சையம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். அது ஓடும்போது எழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்தான் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். சத்தம் அற்றுப்போன நொடியில் பாயை உதறிக்கொண்டு எழுந்து ஓடுவாள்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய மணல்மேட்டில், மீனவப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து இறால் குஞ்சு வளர்க்கும் கொட்டகை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பச்சையம்மா அந்தக் குழுவின் தலைவி. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் தொடக்கம் அது. கொட்டகைக்குள் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் குஞ்சுகள், லட்சக்கணக்கில். அவர்களுடைய முதல் ஈடு அது. தொட்டி நீருக்குள் காற்றுக் குமிழ் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் குஞ்சுகள் அடியில் போய்ப் படியும். நெடுநேரம் படிந்து கிடந்தவை பிழைப்பதில்லை.

காற்றை ஊத இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று ஓடிச் சூடேறியதும் நிற்கும். பத்து நொடி இடைவெளி விட்டு மற்றது ஓடத் தொடங்கும். இந்த முறைமாற்றத்தைச் செய்தது சுவரில் பொருத்தியிருந்த ஒரு சின்னப் பெட்டி. அதன் உள்ளே இருந்த போர்டைச் செய்தவன் பெயர் அறிவு. போர்டில் ஓடும் புரோகிராமை எழுதியவள் கௌசர். இருவரும் கூட்டாகத் தொழில் செய்தார்கள்.

பெட்டி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை, முதல் மோட்டாரை நிறுத்திவிட்டு அடுத்ததை ஓட்ட மறந்துவிடும். யாரும் தொடாமல் விட்டால், நாலைந்து நிமிடம் கழித்துத் தானாகவே ஞாபகம் வந்ததுபோல ஓட்டும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் பச்சையம்மா வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே பாய் போட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினால் மின்சாரம் பெட்டியை விட்டுவிட்டு நேரே மோட்டாருக்குப் போகும். அந்தச் சுவிட்சுக்கு ஓடிப்போக நாலே எட்டு இருக்கும் இடத்தில் படுத்தாள்.

ஒருநாள் காலை அவள் கௌசருக்குப் போன் செய்தாள்.

"கௌசரு, உன் பொட்டி இன்னிக்கும் மூச்ச புடிச்சிகினு நின்னுட்ச்சி."

"எவ்ளோ நேரம்க்கா?"

"நான் எய்ந்து ஓடி சுச்ச திருப்புற வரைக்கும். நான் ஒருநாளு கண்ண மூடிட்டா யாரு திருப்புவா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா."

"அட, சாவப் பத்தி சொல்லலமே. தூக்கத்தப் பத்தி சொல்றேன். என்ன தூங்க வுடு. அவ்ளோதான் நான் கேக்குறது."

திட்டியிருந்தால்கூடக் கௌசருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஆளைத் தேட அந்தப் பெண்ணுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் அப்படிச் செய்யவில்லை. நம்பினாள். நம்பியவரைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு கௌசரின் சோற்றுத் தட்டு வரை வந்து உட்கார்ந்துகொண்டது.

தண்டையார்பேட்டையில், கொசுவலைக் கடை ஒன்றின் மாடியில் அவர்களுடைய வேலை அறை. அங்கே அதே மாதிரிப் போர்டு ஒன்றை வைத்து, மோட்டார்களுக்குப் பதிலாக இரண்டு மேசை விசிறிகளை மாட்டி நாள்கணக்கில் ஓட்டினார்கள். ஒருமுறைகூடத் தவறவில்லை. கொட்டகையில் தவறும்போதோ, பச்சையம்மா ஓடிப்போய்ச் சுவிட்சைத் திருப்பிவிடுவாள். பெட்டிக்கு மின்சாரம் நின்றவுடன் அதன் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். தப்பு செய்த தடம் மிஞ்சாது.

"திருடன் வர்றான், போறான். நாம லைட்டப் போட்டா ஆள் இல்ல," என்றான் அறிவு. "இத்த எப்டி புடிக்கிறது?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ள போய்ப் பாக்கணும்," என்றாள் கௌசர். "தப்பு பண்ற அந்த நொடியில கையப் புடிச்சி நிறுத்தணும். நிறுத்தி, என்ன வெச்சிருக்கேன்னு கேக்கணும்."

அப்படி நிறுத்திப் பார்ப்பதற்கென்று டீபக்கர் என்ற கருவி உண்டு. ஆனால் வாங்கக் கிடைத்தவை எதுவும் இந்தப் போர்டின் சில்லோடு பேசாது. ஆகவே கௌசர் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தாள்.

போர்டுக்குள் ஓடும் புரோகிராமுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிப் புரோகிராமை வைத்தாள். அதற்குக் காவல்காரன் என்று பெயர். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கம்பி வழியாகக் காவல்காரனுக்குச் சொல் போகும். நான்கு சொற்கள் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நில். காட்டு. ஓரடி வை. போ.

நான்கு சொல்தான் என்றாலும் எழுத எழுத அவற்றின் ஆழம் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் புரோகிராமை நிறுத்த வேண்டும் என்றால், அந்த இடத்தில் இருக்கும் கட்டளையைக் காவல்காரன் பெயர்த்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில், 'காவல்காரனைக் கூப்பிடு' என்ற கட்டளையை வைக்க வேண்டும். புரோகிராம் தன் பாட்டுக்கு ஓடி வந்து அந்த இடத்தில் கால் வைத்ததும் நின்றுவிடும். பிறகு அதைப் போகச் சொல்லும்போது, பெயர்த்ததை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பெயர்த்து வைத்திருக்கும் அந்தக் கட்டளையைக் கௌசர் அமானத் என்று சொன்னாள். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். வாங்கியது வாங்கியபடி திருப்பித் தரவேண்டியது.

அமானத் அந்த ஒன்று மட்டும் அல்ல. புரோகிராம் நிற்கும்போது அதன் கையில் சில எண்கள் இருக்கும். காவல்காரன் பார்ப்பதற்காக அவற்றைத் தொட்டால், தொட்ட தடம் தெரியாமல் திரும்ப வைக்க வேண்டும். இதை எழுதும்போது அவளுக்குத் தன் தாய் காத்தூன் பீவியின் ஞாபகம் வந்தது. ராயபுரத்தில் அவர்கள் தெருவில் யார் வீட்டிலாவது மவுத் என்று ஒரு சாவு விழுந்தால் அங்கே மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் சோறு கொண்டுபோய்ப் போட்டுப் பாத்திரங்களைக் கழுவுவார்கள். காத்தூன் பீவி அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வாள். புறப்படும்போது உப்பு டப்பா முதல் கரண்டி வரை எல்லாம் பழைய இடத்தில் இருக்கும். நாலாம் நாள் அந்த வீட்டுப் பெண் அடுப்படிக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினால், நீட்டிய இடத்தில் உப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் செய்யும் ஆறுதல்.

காவல்காரனையும் கௌசர் அப்படித்தான் எழுதினாள்.

முதன்முதலாக அவள் 'நில்' என்று அனுப்பிய பிற்பகலை இருவரும் மறக்கவில்லை. திரையில் எண்கள் வரிசையாக வந்து நின்றன. கௌசர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புரோகிராம் ஒரு எண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்திருந்தது. இன்னொரு இடத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை. போகும் வழியில் நின்றுவிட்டது. எடுத்த கால் எடுத்தபடி, ஏந்திய கை ஏந்தியபடி. கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. உள்ளே அதற்கு ஒரு நொடிகூட நகரவில்லை.

"போகச் சொல்லு," என்றான் அறிவு. அவன் குரல் தானாகவே தாழ்ந்திருந்தது.

கௌசர் 'போ' என்று அனுப்பினாள். ஏந்தியிருந்த எண்ணைப் புரோகிராம் கொண்டுபோய் வைத்தது. அடுத்த வேலைக்குப் போனது. மேசை விசிறி முறை மாறியது.

"நடுவுல இவ்ளோ நேரம் நின்னது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கொஞ்சம்கூட?"

"அதுக்கு நடுவுல ஒண்ணுமே நடக்கல, அறிவு."

கௌசர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். விடியலில் கண் விழித்ததும், தூக்கத்தில் எடுத்த உயிரைத் திருப்பிக் கொடுத்த இறைவனுக்கு நன்றி சொல்லச் சிறு வயதில் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். இருபது வருடமாக வாய் சொல்லிக்கொண்டு வந்த சொல். இரவெல்லாம் நம்மை யாரோ ஏந்தியிருக்கிறான். எடுத்ததில் ஒன்றும் குறையாமல், நேற்றைய கவலையைக்கூட அதே இடத்தில் வைத்துத் திருப்பித் தருகிறான். எத்தனை கோடி அமானத்துகள், ஒவ்வொரு காலையும்! அந்தச் சொல்லின் பொருள் இன்றுதான் தன் விரல் நுனியில் பட்டதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் அவளால் எதையும் தட்டச்சு செய்ய முடியவில்லை. அறிவும் அவசரப்படுத்தவில்லை. போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. புரோகிராமை நிறுத்தி வைத்திருக்கும்போது கம்பி அறுந்துபோனால், அல்லது கம்ப்யூட்டர் அணைந்துபோனால், காவல்காரன் என்ன செய்ய வேண்டும்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கௌசர் இதைத் தன் தந்தை கமாலிடம் கேட்டாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

"அத்தா, கீழ இருந்து சைகை காட்டுறவரு திடீர்னு கண்ணுக்குத் தெரியலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திடுவேன். வேற இன்னா பண்ணுவேன்?"

"தூக்கின பொட்டி?"

"தூக்குனது தூக்குனபடி தொங்கட்டும். அவன் மூஞ்சி தெரியிற வரைக்கும் நான் கைய அசைக்க மாட்டேன். அசைச்சா கீழ கீறவன் தல பூடும்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "இது கூடவா உங்க கம்ப்யூட்டர்ல இல்ல?"

மறுநாள் அறிவிடம் சொன்னபோது அவனும் உடனே தலையாட்டினான். வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் குத்துச்சண்டைப் பந்தயங்களுக்கு அவன்தான் நடுவர். "நான் ஸ்டாப்னு சொல்லிட்டு மயக்கம் போட்டு வுழுந்துட்டேன்னு வெச்சுக்கோ. ரெண்டு பேரும் நின்னுகினே தான் இருக்கணும். நடுவர் போய்ட்டாருன்னு ஒருத்தன ஒருத்தன் மொத்த ஆரம்பிச்சா இன்னா ஆவும்?"

துறைமுகத்தையும் குத்துச்சண்டை மேடையையும் பார்த்து வளர்ந்தவர்கள் இருவரும். சந்தேகம் வந்தால் நில் என்பது அவர்கள் ரத்தத்தில் இருந்தது. நிற்பதால் ஒருவருக்கும் கேடு வராது என்று இருவரும் நம்பினார்கள். ஆகவே கௌசர் காவல்காரனுக்கு எழுதினாள்: நிறுத்தியவர் குரல் கேட்காவிட்டால், அவர் திரும்பி வரும்வரை அப்படியே நில்.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். பச்சையம்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் அவர்களைத் தொட்டியண்டை கூட்டிப் போய், ஒரு கண்ணாடி டம்ளரில் நீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பாரு. கண்ணு தெரியிதா?"

கௌசர் குனிந்து பார்த்தாள். தூசு என்று நினைத்தவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. அத்தனையும் கண்கள். ஒரு டம்ளருக்குள் அவளைப் பார்த்தபடி எத்தனை கண்கள்!

"ஆண்டவன் இதுக்கெல்லாம் உக்காந்து கண்ணு வெச்சிக்கீறான் பாரேன்," என்றாள் பச்சையம்மா. "இத்தினி சின்னதுக்கு."

கௌசருக்குச் சந்தேகம் நேரக் கணக்கின் மேல் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பகுதியைப் பலமுறை படித்தும் தவறு கண்ணில் படவில்லை. ஆகவே புரோகிராமில் ஒரு கண்ணியை வைத்தாள். இப்போதைய நேரம் முன்பு பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிந்தால், அந்த இடத்திலேயே காவல்காரன் நிறுத்த வேண்டும். நேரம் பின்னால் போகாது. போனதாகப் புரோகிராம் நினைத்தால் அதுதான் திருடன்.

பிறகு காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அது வந்தது.

முதல் மோட்டார் நின்றது. பத்து நொடி போனது. இரண்டாவது ஓடவில்லை. திரையில் 'நின்றேன்' என்று ஒரு வரி வந்தது.

"மாட்டிகினான்!" என்று அறிவு துள்ளினான்.

ஆனால் அந்த அமைதி கொட்டகையின் எல்லா மூலைக்கும் எட்டியிருந்தது. வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் அந்த அமைதியை அறிந்தவர்கள். ஓடி வந்தார்கள். அவர்களில் முன்னால் வந்தவள் சுகிர்தம் என்ற இளம்பெண். அவளுடைய கால், தரையில் கிடந்த கம்ப்யூட்டர் வயரில் மாட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை கறுத்தது.

எல்லோரும் மோட்டார்களைப் பார்த்தார்கள்.

இரண்டு மோட்டார்களும் ஓடவில்லை. புரோகிராம் நின்றுகொண்டிருந்தது. காவல்காரன், தன்னை நிறுத்தச் சொன்னவரின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் நாலைந்து நிமிடத்தில் தானாக ஞாபகம் வந்து ஓட்டிவிடும். இப்போது அதுவும் நடக்காது. கௌசர் எழுதிய சட்டப்படி, அவள் வரும்வரை அது அசையாது. தொட்டிகளில் கடைசிக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆனது.

கௌசரின் கை சுவிட்சுக்குப் போனது. பச்சையம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"அத்தத் திருப்புனா நீ புடிச்சது பூடுமா?"

"போயிடும் அக்கா. பரவாயில்ல. குஞ்சு முக்கியம்."

"பூட்ச்சின்னா மறுபடி எப்போ புடிப்ப?"

கௌசரின் கை சுவிட்சை விட்டு இறங்கியது.

"இரு. குஞ்சு எங்க பொறுப்பு. நீ உன் பொட்டியப் பாரு." பச்சையம்மா திரும்பினாள். "ஏய், இன்னாடி மூஞ்சப் பாத்துகினு நிக்கிறீங்க? எறங்குங்க தொட்டில! மக்கு, சட்டி, எது கீதோ எடுத்துக்கோ. மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்து. அடில படிய வுடாத!" பிறகு கௌசரிடம், "கை ஓஞ்சி குஞ்சு படிய ஆரம்பிச்சா நானே சுச்ச திருப்பிடுவேன். அப்போ என்ன ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் அக்கா."

அறிவு பிளக்கை மாட்டினான். அந்தக் கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனால், உயிர் வந்தவுடன் தன் டிஸ்க்கை முழுக்கச் சோதித்துப் பார்க்காமல் வேலைக்கு வராது. நீலத் திரையில் ஒரு மஞ்சள் கோடு மெல்ல நகர்ந்தது. அவனும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு தொட்டிக்குள் இறங்கி இரு கைகளாலும் நீரை அலைத்தான்.

கொட்டகை முழுவதும் நீர் விழும் ஓசை. பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று குடங்களால், சோற்றுச் சட்டிகளால், பிளாஸ்டிக் மக்குகளால் மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றினார்கள். மோட்டார் செய்த வேலையைக் கைகள் செய்தன. கௌசர் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்கள் இவ்வளவும் செய்வது யாருக்காக? குஞ்சுகளுக்காக மட்டுமா? சுவிட்சைத் திருப்பியிருந்தால் அவர்களுக்குச் சிரமமே இல்லையே. தன் கையில் கிடைத்தது நழுவிவிடக் கூடாது என்பதற்காக அல்லவா அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள்?

சுகிர்தம் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான்... என் காலுதான்..."

கௌசர் அவள் தோளைத் தொட்டாள். "உன் கால் இல்லன்னா வேற யாரு காலாவது மாட்டியிருக்கும். வயரு தரையில கெடந்தா கால் படும். அத நான்தான் நெனச்சிருக்கணும். போ, கண்ணத் தொடச்சிட்டு அந்தக் கடைசித் தொட்டியப் பாரு, ஆளு கம்மியா இருக்காங்க."

சுகிர்தம் ஓடினாள்.

மஞ்சள் கோடு முடிந்தது. டீபக்கர் வந்தது. கௌசர் காவல்காரனைக் கூப்பிட்டாள். உடனே பதில் வந்தது: நின்றேன்.

அதே இடம். அதே எண்கள். ஒன்றுகூட மாறவில்லை. இவ்வளவு அமளிக்கும் நடுவில், ஒருவரும் தன்னைப் பார்க்காத நேரத்திலும், சொன்ன இடத்தில் சொன்னபடி அது நின்றிருந்தது. கௌசருக்கு முதலில் வியப்பும் அதன் பின்னாலேயே அச்சமும் வந்தது. இத்தனை கீழ்ப்படிதலைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு பயந்து நடக்க வேண்டும்!

"சொல்லு," என்று தொட்டிக்குள்ளிருந்து அறிவு கத்தினான்.

திருடன் எண்களில் தெளிவாகத் தெரிந்தான். அந்தப் போர்டு நேரத்தை இரண்டு அறைகளில் பிரித்து வைத்திருந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் ஓர் அறையில் ஒன்று, மற்றதில் தொண்ணூற்றொன்பது என்பதுபோல. புரோகிராம் முதல் அறையைப் பார்த்து ஒன்று என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் அறையைத் திறக்கும் முன், கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், கடிகாரம் வந்து எண்ணை இருநூறாக மாற்றிவிட்டுப் போனது. இரண்டாம் அறையில் இப்போது சைபர். புரோகிராம் இரண்டையும் சேர்த்து நூறு என்று படித்தது. உண்மையில் போர்டின் அறை நூறுக்குப் பதில் இருநூற்றைம்பத்தாறு நொடி கொள்ளும். ஆகவே நேரம் நான்கு நிமிடத்துக்கு மேல் பின்னால் போய்விட்டதாக நினைத்து, இழந்த நேரம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தது. அதன் மேல் என்ன குற்றம்? பாதி பழையதையும் பாதி புதியதையும் அதன் கையில் கொடுத்தது அவள் எழுத்து.

"கெடச்சிட்ச்சி! திருப்புங்க அக்கா!" என்று கூவினாள் கௌசர். தன்னையறியாமல் அவளுக்கும் அந்த ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

பச்சையம்மா சுவிட்சைத் திருப்பினாள். மோட்டார் இரைந்தது. தொட்டிகளில் குமிழ்கள் பொங்கின. பெண்கள் நீரில் நின்றபடியே சிரித்தார்கள். ஒருத்தி அறிவின் தலையில் ஒரு சட்டி நீரை ஊற்றினாள். "இன்னா நைனா, பாக்ஸிங் கை இதுக்கே ஓஞ்சிட்ச்சா?"

கடைசித் தொட்டியில் கொஞ்சம் குஞ்சுகள் இறந்து போயிருந்தன. பச்சையம்மா அவற்றை வலைத்துணியில் வடிகட்டி எடுத்தாள். கௌசரும் அங்கே நின்று கடைசிவரை பார்த்தாள். பார்க்காமல் போவது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

நேரக் கணக்கைத் திருத்துவது எளிதாக முடிந்தது. நேரத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் நம்ப வேண்டும். காவல்காரனைத் திருத்துவதற்குத்தான் யோசனை தேவைப்பட்டது.

"உங்க கிரேன் சட்டம் எங்களுக்கு ஆகல, அத்தா," என்றாள் வீட்டில்.

நடந்ததைக் கேட்டுவிட்டுக் கமால் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கிரேன்ல தொங்குறது பொட்டி. ஆடாம நின்னா போதும். இங்க நீ புடிச்சி நிறுத்தினது ஒரு உசுரோட மூச்சு. எனக்கும் இது தோணலியேமா."

காத்தூன் பீவி உள்ளேயிருந்து வந்து, பாதிச் சாப்பாட்டில் பேச்சு பேசியதற்காக இருவரையும் கடிந்துகொண்டாள்.

தாயைப் பார்த்ததும் கௌசருக்கு ஒன்று தோன்றியது. மவுத் வீட்டில் உதவிக்கு நிற்பவளுக்குத் தன் வீட்டிலிருந்து திடீரென்று அழைப்பு வந்தால், பாதி பரிமாறிய சோற்றை அப்படியே விட்டுவிட்டா ஓடுவாள்? பக்கத்தில் இருப்பவள் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டுத்தானே போவாள்.

சட்டத்தைத் திருப்பி எழுதினாள். நிறுத்தியவர் குரல் சில நொடிகள் கேட்காவிட்டால், காவல்காரன் தான் பார்த்ததைத் தன் மூலையில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயர்த்த கட்டளைகளையெல்லாம் அந்தந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு யாரும் சொல்லாமலே 'போ' என்று விட்டுவிட வேண்டும். பார்க்க வந்தவருக்காகக் காத்திருக்க வேண்டியது காவல்காரன். வேலையில் இருப்பவர் நடந்துகொண்டே இருக்கட்டும்.

அறிவு வேலை அறையில் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தான். மேசை விசிறி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயங்கி, பின் தன் வழியில் போனது. "நான் மயக்கம் போட்டு வுழுந்தாலும் இவன் மேட்ச்ச நடத்திடுவான் போல," என்றான்.

திருத்திய போர்டோடு மறுபடி கொட்டகைக்குப் போன நாளில் சுகிர்தம் மேசைப் பக்கமே வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசர் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இங்க வா. ஒரு உதவி பண்ணணும்."

"நானா? வாணாம்க்கா."

"நீதான் பண்ணணும். இந்த வயரக் காலால இழு."

சுகிர்தம் கண்களை அகல விரித்தாள். "இன்னாக்கா கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் இல்ல. முதல் மோட்டார் இப்போ முறை மாறப் போகுது. நின்ன உடனே நான் புரோகிராமப் புடிச்சி நிறுத்துவேன். அப்போ இழு. அன்னிக்கு இழுத்த மாதிரியே."

முதல் மோட்டார் நின்றது. கௌசர் 'நில்' என்று அனுப்பினாள். சுகிர்தம் பற்களைக் கடித்துக்கொண்டு, கால் விரல்களுக்கிடையே வயரைப் பிடித்து இழுத்தாள். திரை கறுத்தது.

கொட்டகையில் அதே அமைதி. பெண்கள் மக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குமிழ்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அறிவின் உதடுகள் எண்ணுவதுபோல் அசைந்தன. நீர்ப்பரப்பு கண்ணாடியாகத் தொடங்கியது.

இரண்டாவது மோட்டார் உறுமியது. நீர் முழுவதும் ஒரே நேரத்தில் பொங்கிச் சிரித்தது.

கௌசர் கண்களை மூடி, தனக்குள் இறைவனுக்கு நன்றி சொன்னாள். பிறகு பச்சையம்மாவிடம் சொல்லத் திரும்பினாள்.

பச்சையம்மா சுவிட்சுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் டம்ளர் சரிந்து, அதிலிருந்த நீர் மடியை நனைத்திருந்தது. மோட்டார் நின்றதும், அந்த அமைதியும் அவளை எழுப்பவில்லை.

அவளை எழுப்பிச் சொல்ல ஓடிய ஒருத்தியைச் சுகிர்தம் கையை நீட்டித் தடுத்தாள். வயர் இன்னும் அவள் கால் விரல்களுக்கிடையே இருந்தது. அந்த இரைச்சலில் யார் பேசினாலும் அவள் தூக்கம் கலையாது. ஆனாலும் அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள். எல்லோரும் கால் ஓசை எழாமல் வெளியே வலைகளுக்குப் போனார்கள்.